கழுவியாச்சு

அருப்புக்கோட்டை
8.12.2024

அன்புள்ள சுகந்திக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தும் கேட்கிறேன். உன் மில் ஹாஸ்டல் விலாசத்தை உன் அம்மாதான் தந்தார். பஸ் ஸ்டாண்டில் பரளச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். "என்ன பாப்பா, மெலிஞ்சு போயிட்ட"ன்னு எப்போதும் போலத்தான் கேட்டார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

உனக்கு எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா? என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டாய். செய்யவேண்டியதுதான். நான் கேவலமானவள்.

இங்கே கடையில் யூரியாவுக்குக் கூட்டம் தாங்கவில்லை. போன வாரம் பெய்த மழைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். அம்மாவுக்கு என் கல்யாணப் பேச்சுத்தான். விருதுநகரில் ஒரு இடம், அவர்களுக்கும் உரக்கடைதான். நான் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். எதிலும் மனசு ஒட்டவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சுகந்தி. நீ ட்ரோனில் மருந்து அடித்துப் பத்து நாள் கழித்து, வீரணன் ஐயா தன் பருத்தி இலையைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து கல்லாமேல் கொட்டினாரே, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடை நிறைய ஆட்கள். அப்பா என் வாயையே பார்த்தார். என்னென்னவோ சொல்லிவிட்டேன். பாவி நான். என்னைப் போல ஒரு கோழை இந்த ஊரிலேயே இருக்க மாட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இப்படிச் செய்தவள் மனுஷியே இல்லை.

என்னை நீ திட்டு. நாலு வார்த்தை திட்டி எழுது. அப்போதாவது எனக்குத் தூக்கம் வரும்.

இப்படிக்கு,
உன் தோழி என்று சொல்லத் தகுதியில்லாத துரோகி,
பிரவீணா


மில் ஹாஸ்டல், ராஜபாளையம் பக்கம்
14.12.2024

பிரவீணாவுக்கு,

கடிதம் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, காதில் மிஷின் இரைச்சல் அடங்குவதற்குள் மூன்று தடவை படித்தேன். கேவலம், அருவருப்பு, பாவி, கோழை, மனுஷியே இல்லை, துரோகி. ஆறு இடத்தில் உன்னை நீயே திட்டியிருக்கிறாய். கேன் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

என்னைத் திட்டச் சொல்கிறாய். எதுக்கு? நான் திட்டினால் நீ தூங்குவாய். அப்புறம் நான் என்ன செய்வேன்?

உன் நம்பரை ஏன் தடுத்து வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் "சரி விடுடீ, அழாத"ன்னு என் வாய் தன்னால் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தானே? ரெக்கார்டு நோட்டைத் தொலைத்தவள் நீ, தேற்றினவள் நான். இந்தத் தடவை நான் தேற்றுவதாக இல்லை. காகிதம் அழாது. அதனால் எழுத்திலேயே இருக்கட்டும்.

நடந்ததை நான் எழுதுகிறேன். நவம்பர் பத்தாம் தேதி காலை, பரளச்சியில் வீரணன் மாமா பருத்தி. அசுவினிக்கு மருந்து. ட்ரோன் டேங்கை முந்தின நாளே சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தேன். மருந்து கலக்குகிற கேனைக் கடையிலிருந்து உன் ஸ்கூட்டியில் நீ கொண்டுவந்தாய். "கேனு கழுவுனதாடீ?"ன்னு கேட்டேன். "கழுவியாச்சு டீ, சீக்கிரம் அடி, காத்து ஏறுது"ன்னு சொன்னாய்.

பத்து நாளில் இரண்டு ஏக்கர் பருத்தியும் வெண்டை இலை மாதிரி விரல் விரலாகச் சுருங்கிவிட்டது. சோளத்துக்கு அடிக்கிற களைக்கொல்லி ஒரு மூடி பட்டாலே பருத்தி அப்படித்தான் ஆகும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவள் நீ. அன்று கடையில் நீ "என்னென்னவோ" சொல்லவில்லை. ஒரே ஒரு வரிதான் சொன்னாய்: "டேங்க் சரியா கழுவலை போல." நான் "கேனு..."ன்னு வாயெடுத்தேன். உங்க அப்பா, "விவசாயம் படிச்ச புள்ள சொல்லுது, நீ என்னத்தா குறுக்க பேசுற"ன்னார். நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு யாரும் என்னை மருந்து அடிக்கக் கூப்பிடவில்லை, அதனால்தான் இந்த மில்லுக்கு வந்தேன். பொங்கல் கழிந்து ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளிர் குழுக் கூட்டம். குழுவின் ட்ரோனை என்னிடமிருந்து எடுத்து எங்கள் ஊர்ப் பாண்டிராஜிடம் கொடுக்கலாமா என்று அன்றைக்கு முடிவு செய்கிறார்கள். தலைவி தங்கலட்சுமி அக்கா போன் பண்ணிச் சொன்னார்கள். எனக்கு அன்று லீவு கிடையாது. இருந்தாலும் நான் சொன்னால் எடுபடாது. சொல்லவேண்டியவள் நீ. வந்து சொல்வாயா? அதை மட்டும் எழுது.

சுகந்தி


அருப்புக்கோட்டை
20.12.2024

அன்புள்ள சுகந்திக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். அப்பா "யாரு?"ன்னார். "கம்பெனி லெட்டரு"ன்னு பொய் சொன்னேன். பார், பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

சரி, எழுதிவிடுகிறேன். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கேனில் களைக்கொல்லி அளந்து ஊற்றினேன். பாலவனத்தத்துக்காரர் ஒருவருக்கு. மறுநாள் ஸ்கூட்டியில் வைக்கும்போது பார்த்தேன், அடியில் பழுப்பாகக் காய்ந்திருந்தது. கழுவினால் ஐந்து நிமிடம். காற்று ஏறுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று வண்டியை எடுத்துவிட்டேன். போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே வந்தால் நீ எல்லாம் தயாராக வைத்திருந்தாய், கேட்டாய். "கழுவியாச்சு" என்பது வாயில் தன்னால் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க வெட்கமாக இருந்தது. படித்தவள் மறந்துவிட்டாள் என்று நீ சிரிப்பாய் என்று.

இலையைப் பார்த்த அந்த நிமிடமே எனக்குத் தெரியும் சுகந்தி. தெரிந்துதான் டேங்க் என்று சொன்னேன்.

எழுதிவிட்டேன்.

ஆனால் கூட்டத்துக்கு வந்து சொல்வது என்றால், கடைப் பேர் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். முப்பது வருஷக் கடை. அப்பாவுக்குப் பிரஷர் இருக்கிறது. விருதுநகர்க்காரர்கள் தை மாதம் பூ வைக்க வருகிறார்கள். கொஞ்சம் ஆறட்டும் என்று பார்க்கிறேன். அதுவரை உனக்குக் கடையிலேயே பில் போடுகிற வேலை தரச் சொல்லி அப்பாவிடம் கேட்கிறேன். நிழலில் உட்காருகிற வேலை. வருகிறாயா?

நான் சும்மா இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒருவேளை சாப்பாட்டை விட்டுவிட்டேன். புதுத் துணி எடுக்கவில்லை. தினமும் ஒரு நோட்டில் "நான் செய்தது தவறு" என்று நூறு தடவை எழுதுகிறேன். என்னை நானே விடுவதாக இல்லை.

அன்புடன்,
பிரவீணா


மில் ஹாஸ்டல்
27.12.2024

பிரவீணாவுக்கு,

நல்லாயிருக்குடீ உன் கணக்கு! நீ வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தால் வீரணன் மாமா பருத்தி காய் பிடிச்சிருமா? நூறு தடவை நோட்டில் எழுதுகிறாய். அந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்? நூறு தடவை வேண்டாம். ஒரு தடவை, முப்பது பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னால் போதும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை எங்கள் வீட்டில் வந்து பார். அம்மா வீரணன் மாமா கொல்லைக்குத்தான் இத்தனை வருஷமும் களை எடுக்கப் போனாள். இப்போது "வெள்ளைத்தாயி, நீ வேற பக்கம் பாத்துக்க"ன்னுட்டார். அடிக்கவில்லை, வையவில்லை. அவ்வளவுதான் சொன்னார். அம்மா திருச்சுழி பக்கம் பஸ் ஏறிப் போய்க் களை எடுத்துவிட்டு வருகிறாள். பஸ்ஸில் யாரோ, "வானத்துல பறக்குறேன்னுச்சு உம்மக, பாத்தியா"ன்னு சிரித்தார்களாம். அதை என்னிடம் சொல்லவே கூடாது என்றுதான் இருந்தாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

நிழல் வேலை தருகிறேன் என்கிறாய். மதுரையில் பத்து நாள் இருந்து பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினது உன் கடையில் பில் போடுவதற்கா? நாற்பது பேரில் இரண்டாவதாக வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் எதிலும் இரண்டாவதாக வந்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். என் மேலும் தவறு இருக்கிறது. கேனை வாங்கினால் முதலில் மோந்து பார்க்கவேண்டும், சந்தேகம் இருந்தால் திரும்பக் கழுவவேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நீ சொன்னதால் விட்டுவிட்டேன். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் நிச்சயம் மோந்திருப்பேன். அது என் பிசகு. அதைத் தங்கலட்சுமி அக்காவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன், என் கையெழுத்தோடு. உன் பிசகை நான் எழுதவில்லை. அது நீ சொல்லவேண்டியது. என் பிசகுக்காக நான் பட்டினி கிடக்கவும் இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

உன்னை நீ எவ்வளவு வெறுக்கிறாய் என்று இனி எனக்கு எழுதாதே. அதைப் படித்தால் உன்மேல் இரக்கம் வருகிறது. எனக்கு இரக்கப்படத் தெம்பு இல்லை.

பத்தொன்பதாம் தேதி. வருவாயா, மாட்டாயா?

சுகந்தி


அருப்புக்கோட்டை
4.1.2025

அன்புள்ள சுகந்திக்கு,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். புது வருஷத்தன்று மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "இத எங்கிட்ட சொன்ன மாதிரி வேற யார்ட்டயும் சொல்லிராத தாயி"ன்னார். "பட்டது பட்டாச்சு. அந்தப் புள்ள எங்கயோ ஒரு வேலையில இருக்கால்ல? வீரணனுக்கு வர்ற வெள்ளாமைக்கு நான் பாத்துச் செஞ்சுக்கிறேன். நீ இதுல மூச்சு விடாத"ன்னார். அம்மா காதிலும் விழுந்துவிட்டது. அழுதாள். "தாலி ஏற வேண்டிய கழுத்துடீ"ன்னு ஒரே புலம்பல்.

நான் என்ன செய்வது? ஒரு யோசனை. தங்கலட்சுமி அக்காவைத் தனியாகப் பார்த்து, "கடைப் பக்கம் ஏதோ சின்னத் தவறு நடந்திருக்கலாம், சுகந்தியை மட்டும் குறை சொல்ல வேண்டாம்" என்று சொல்கிறேன். பேர் சொல்லாமல். அதில் உன் பேரும் தப்பிக்கும், இங்கேயும் பெரிதாகாது. கூட்டத்தில் எழுந்து நிற்பதுதான் முடியாது. என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய், யோசித்துப் பாரேன். சரி என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் நாளைக்கே பரளச்சி போகிறேன்.

அன்புடன்,
பிரவீணா


மில் ஹாஸ்டல்
9.1.2025

பிரவீணா,

உன் இடத்தில் நான்தான் இருக்கிறேன், நவம்பரிலிருந்து.

"நடந்திருக்கலாம்" என்று சொல்லப் போகவேண்டாம். அதற்கு என்னிடம் சரி வாங்காதே. நான் சரி என்று எழுதினால் அதையும் நான் செய்த காரியமாக்கிவிடுவாய்.

பொங்கலுக்கு நான் ஊருக்கு வரவில்லை. இங்கே இருபது பேர் போகவில்லை, அவர்களோடு பொங்கல் வைக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி வரை எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

சுகந்தி


அருப்புக்கோட்டை
19.1.2025, மாலை

சுகந்திக்கு,

இன்று பரளச்சி போயிருந்தேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "போறேன்ப்பா"ன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஸ்கூட்டிச் சாவியைக் காணவில்லை. அம்மா எடுத்து வைத்துவிட்டாள் போல. பஸ்ஸில் போனேன்.

சமுதாயக் கூடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வீரணன் ஐயாவையும் கூப்பிட்டிருந்தார்கள். பாண்டிராஜ் வாசலில் நின்றான். உன் அம்மா கடைசி வரிசையில் சுவரோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "வா பாப்பா"ன்னு தள்ளி இடம் விட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும்.

தங்கலட்சுமி அக்கா முதலில் உன் கடிதத்தை வாசித்தார்கள். கேனை மோந்து பார்க்காமல் விட்டது என் பிசகு என்று நீ எழுதியிருந்ததை. "பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா"ன்னு ஒரு குரல் வந்தது. அப்போது பேசினேன். கேன் எங்கள் கடையுடையது என்றேன். முந்தின நாள் அதில் களைக்கொல்லி ஊற்றினது நான், காய்ந்திருந்ததைப் பார்த்தேன், கழுவவில்லை, சுகந்தி கேட்டபோது கழுவியாச்சு என்று பொய் சொன்னேன் என்றேன். இலையைப் பார்த்ததும் காரணம் தெரிந்தும் பழியை அவள்மேல் போட்டேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அழுகை வந்தது. அதை நிறுத்திவிட்டுத்தான் கடைசி வரியைச் சொன்னேன்.

வீரணன் ஐயா எழுந்து என் பக்கம் வந்தார். "ரெண்டு மாசமா என்னைய ஒரு ஏழப் பொம்பளைய வெரட்ட வச்சியே தாயி"ன்னார். பருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதையே இரண்டு தடவை சொல்லிவிட்டு, உன் அம்மா முன்னால் போய் நின்றார். "வெள்ளைத்தாயி, நாளைக்கு வா"ன்னார். உன் அம்மா "பாப்போம்ணே"ன்னார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ட்ரோன் விஷயம். இது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதவேண்டும். உளுந்துக்கு மருந்து அடிக்க ஆள் இல்லை என்று மார்கழிக் கடைசியிலேயே பாண்டிராஜிடம் பேசி முன்பணம் கொடுத்துவிட்டார்களாம். இன்றைய கூட்டம் அதற்கு ஒப்புதல் வாங்கத்தான். "டிசம்பர்லயே இத வந்து சொல்லியிருந்தா யாரும் அவன் வீட்டுப்படி ஏறியிருக்க மாட்டோம்"னு தங்கலட்சுமி அக்கா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இந்த வருஷம் பாண்டிராஜ்தான். அடுத்த வெள்ளாமைக்கு உன்னிடமே திரும்பத் தருவது என்று தீர்மானம் எழுதினார்கள். நான் உனக்கு முதல் கடிதம் எழுதினது டிசம்பர் எட்டு. அன்றைக்கே பரளச்சிக்குப் பஸ் இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊருக்குள் வந்துவிட்டது செய்தி. நாளைக்குக் கடைக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் தெரியவில்லை. விருதுநகருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அது உனக்கு வேண்டாதது.

பதில் எழுதவேண்டும் என்று கேட்கவில்லை.

பிரவீணா


மில் ஹாஸ்டல்
26.1.2025

அன்புள்ள பிரவீணாவுக்கு,

கூட்டம் முடிந்ததும் அம்மா போன் செய்து எல்லாம் சொன்னாள். நாலு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். அம்மா சொன்னதும் நீ எழுதினதும் ஒன்றாக இருந்தது. ஒரே ஒரு இடம்தான் வேறு. அழுகையை நிறுத்தினேன் என்று நீ எழுதியிருக்கிறாய். "புள்ள தேம்பித் தேம்பி அழுதுச்சு, ஆனா நிறுத்தாமச் சொல்லுச்சு"ன்னு அம்மா சொன்னாள். அம்மா சொல்வதைத்தான் நம்புகிறேன்.

ட்ரோன் போனதில் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். செய்தி கேட்ட அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. எந்தெந்தக் கொல்லை மேலே எவ்வளவு உயரத்தில் ஓட்டவேண்டும், எங்கே கம்பி போகிறது, எங்கே பனை நிற்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த வருஷம் அதை வேறொருவன் ஓட்டுவான். நீ ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் நான் ஓட்டியிருப்பேன். நீயும் அதை எழுதியிருக்கிறாய், தேதியோடு.

அம்மா மூன்று நாள் வீரணன் மாமாவைக் காக்க வைத்தாள். "அவுக வீடு தேடி வந்து கூப்புடட்டும்"னு சொன்னாள். என் அம்மாவா இது என்று இருந்தது. வியாழக்கிழமை அவரே வந்து கூப்பிட்டாராம். வெள்ளிக்கிழமையிலிருந்து போகிறாள். அந்த மூன்று நாளும் பஸ்ஸில் சிரித்தவர்களே அவளுக்கு இடம் போட்டு வைத்தார்களாம்.

சித்திரையில் இங்கே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்கு வாரேன். பாண்டிராஜுக்கு லைசென்ஸ் இல்லை, பரீட்சைக்குப் படிக்க என்னிடம்தான் நோட்டுக் கேட்டிருக்கிறான். கொடுக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கொடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன். டேங்கைத் தப்பாகக் கழுவினால் இன்னொருத்தர் பருத்திதானே போகும்.

நீ வெள்ளிக்கிழமை சாப்பிடு. கடைக்குப் போய் உட்கார். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசு. இதைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இன்று குடியரசு தின லீவில் உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத வரவில்லை. உனக்குப் பொய் எழுத எனக்கு இஷ்டம் இல்லை. வரும்போது எழுதுகிறேன்.

அதுவரை உன் கடிதம் வந்தால் பிரித்துப் படிப்பேன்.

சுகந்தி